கட்டிலுக்குப் பெரியவன், கையெழுத்துக்குச் சின்னவன்

(மாட்டுங்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாள்பட்ட நோயோடு வாழும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சிகிச்சையில் என்ன பங்கு என்று பேசப்போகிறேன் என்றதும், அமைப்பாளர்களில் ஒருவர் கேட்டார்: "பதினாலு வயசுப் பிள்ளைகிட்டப் போய் உனக்கு என்ன மருந்து வேணும்னு கேட்கச் சொல்றீங்களா?" நியாயமான கேள்விதான். ஆனால் மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் அந்தப் பதினாலு வயதுப் பிள்ளை ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். நான் மருத்துவச் சமூகப் பணியாளராக வேலை பார்த்தது ஒரு மாநகராட்சி மருத்துவமனையில். காலையில் கேஸ் பேப்பர் எடுக்கிற வரிசையிலேயே தெரிந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய அம்மா முன்னால் நிற்பார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். அம்மாவுக்கு வீட்டிலும் தெருவிலும் தமிழே போதும். முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குப் போடுகிறவர். கடைக்காரரிடம் கணக்குப் பேசுகிற அளவுக்கு இந்தி வரும். டாக்டரின் இந்தி வேறு, அதில் பாதி மராத்தி, மீதி ஆங்கிலம். ஆகவே டாக்டர் பையனைப் பார்த்துப் பேசுவார், பையன் அம்மாவிடம் சொல்வான். நோயாளி யார்? அந்தப் பையன்தான்.

ஊசிமருந்து வழக்கில் இருந்த காலத்தில் ஒரு நாள் நடந்தது இது. சளிப் பரிசோதனையில் ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி என்று முடிவு வந்திருந்தது. டாக்டர் ஐந்து நிமிடம் பேசினார்: சாதாரண டி.பி. அல்ல, இரண்டு ஆண்டு மருந்து, ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஊசி, வாந்தி வரும், வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அம்மா மகனைப் பார்த்தார்.

"என்னலே சொல்லுதாரு?"

"மாத்திரை கொஞ்சம் கூட நாள் சாப்பிடணுமாம்மா."

"ஊசி உண்டாமா?"

"இல்லம்மா. இருந்தாலும் ஒண்ணு ரெண்டுதான்."

அம்மா முகம் தெளிந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பையனைத் தனியாகக் கேட்டேன். "முழுசாச் சொன்னா அம்மா ராத்திரி தூங்காது, காலையில மாவு பிசையணும்ல" என்றான். அந்தக் காகிதத்தில் இருப்பது தாயின் சம்மதம் என்று சட்டம் சொல்லும். அந்தத் தாய் சம்மதித்தது எதற்கு? மகன் வடிகட்டிக் கொடுத்த பகுதிக்கு. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அந்த அறையில் உண்மையில் முடிவெடுத்தவன் நோயாளியே. அவனிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. ஊசியால் காதில் இரைச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியும். எதிரே இருப்பவன் மொழிபெயர்ப்பாளன் என்ற நினைப்பில் பேசும்போது அது வாயில் வராது.

இப்போது வயதுக் கணக்கைப் பாருங்கள். நம் அரசு, மாநகராட்சி மருத்துவமனைகள் பலவற்றில் 12 வயது முடிந்துவிட்டால் குழந்தைகள் வார்டில் இடமில்லை. பிள்ளை பெரியவர்களின் மெடிசின் வார்டுக்குப் போகும். ஒரு பக்கம் குடியால் ஈரல் கெட்டவர், மறுபக்கம் பக்கவாதம் வந்த தாத்தா, நடுவில் ஏழாம் வகுப்பு. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்த ஆறு மாத மாத்திரைத் திட்டம், பி-பால்-எம் என்கிறார்கள், 14 வயதிலிருந்தே கொடுக்கலாம். அதை இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. ஆக, கட்டிலுக்கு 12, அந்த மருந்துக்கு 14. கையெழுத்துக்கு? 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி 18. கட்டிலுக்குப் பெரியவன், கையெழுத்துக்குச் சின்னவன்.

சட்டமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89, 90-ஆம் பிரிவுகள் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் பாதுகாவலரின் சம்மதம் என்று பேசின. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27, 28-ஆம் பிரிவுகளாக அதே 12 தொடர்கிறது. 12-க்கும் 18-க்கும் நடுவில் இருப்பவர்கள்? மருத்துவமனை வம்பு வேண்டாம் என்று 18-ஐப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனையை நான் குறை சொல்லமாட்டேன். வழக்கு வந்தால் நிற்கப்போவது அவர்கள்தானே.

இன்னொன்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு பிள்ளையை மருந்து ஆய்வில் சேர்ப்பதென்றால் பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது. 7 வயதிலிருந்து பிள்ளையிடம் வாய்மொழி இசைவு, 12-இலிருந்து எழுத்தில் இசைவு பெற வேண்டும். அதாவது, மருந்து இன்னும் சோதனையில் இருந்தால் பிள்ளையைக் கேட்டாக வேண்டும். நிரூபணமான மருந்து என்றால் கேட்க வேண்டியதில்லை! இந்த விநோதத்தை ஒரு மூத்த மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பதில் சொல்லவில்லை.

இதைவிட விநோதமும் உண்டு. 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு என்று ஒன்று. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட வீட்டை 12-க்கும் 18-க்கும் இடைப்பட்ட, போதிய பக்குவம் உள்ள ஒரு பிள்ளை நடத்திவந்தால், அந்தப் பிள்ளை தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகச் செயல்படலாம். பள்ளியில் சேர்க்கலாம், வங்கிக் கணக்கைக் கையாளலாம், சிகிச்சைக்கும் பொறுப்பேற்கலாம். பெற்றோரை இழந்த வீடுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதிய பிரிவு என்பது படித்தாலே தெரியும். 14 வயது அக்கா தம்பியின் சிகிச்சைக்குச் சரி என்று சொல்லலாம் என்கிற அளவுக்கு நாடாளுமன்றம் இந்தப் பிள்ளைகளை நம்பியிருக்கிறது. அதே அக்கா தன் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், ஊரிலிருந்து மாமா வர வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1985-இல் கில்லிக் வழக்கில் 16 வயதுக்கு உட்பட்டவரும் விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் தானே சம்மதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்கா 2005-இன் குழந்தைகள் சட்டத்தில் 12 வயதும் பக்குவமும் இருந்தால் போதும் என்றே எழுதிவைத்தது. அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் பெற்றோரின் துணை வேண்டும். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் நாமும் 1992-இல் சேர்ந்தவர்கள்தாம். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. இவற்றை நான் கொண்டுவந்தது, அங்கே உள்ளதை இங்கே அப்படியே ஒட்டுவதற்காக அல்ல. சம்மதிக்கிற தகுதி ஒரு பிறந்தநாளில் சட்டென்று வந்துவிடுவதில்லை என்று நினைக்கிற நாடுகளும் உண்டு என்பதைக் காட்டத்தான்.

சட்டம் போதும். பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் என்னென்ன என்று பார்ப்போம்.

செம்பூரில் நமக்கு அண்டை வீட்டாரான சிந்திக் குடும்பங்களில் தலசீமியாக் கூறு அதிகம் என்பது பலகாலமாகத் தெரிந்த செய்தி. நோய் கடுமையான வடிவில் வந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்புச்சத்து வந்து இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் தங்கும். அதை வெளியேற்ற டெஃபராக்ஸமின் என்றொரு மருந்து. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகிச் சிறிய பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம், வாரத்தில் ஐந்து இரவாவது. இப்போது மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் எல்லோருக்கும் அது மட்டுமே போதுவதில்லை.

இந்த மருந்தை ஒரு வாரம் விட்டால் எதுவும் நேராது. ஒரு மாதம் விட்டாலும் வெளியில் தெரியாது. அதுதான் ஆபத்து. எட்டு வயதில் அம்மா ஊசி போட்டுவிடுகிறார், பிள்ளை அழுதுகொண்டே படுத்துக்கொள்கிறது. பதினைந்து வயதில் அம்மா தூங்கிய பிறகு ஊசியைப் பிடுங்கிவிட்டுக் காலையில் அவர் எழுவதற்கு முன் திரும்பச் செருகிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. ஒரு பெண் பம்பைத் தலையணைக்கடியில் ஓடவிட்டு மருந்தைப் பஞ்சில் இறக்கினாள். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு ஏறிக்கொண்டே போக, வீட்டில் எல்லோரும் மருந்து போலி என்று நினைத்தார்கள். அவளை யாரும் திட்டாமல் கேட்டபோது அவள் சொன்னது, வெள்ளி சனி இரவுகளில் மட்டும் வேண்டாம், சித்தி வீட்டுப் பிள்ளைகள் வந்து படுப்பார்கள், பம்பைப் பார்ப்பார்கள். மீதி ஐந்து இரவு சரி என்றாள். மருத்துவர் கேட்டதும் ஐந்து இரவைத்தான்! அட்டவணையை அவளிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிருக்காது.

காசநோயிலும் இப்படித்தான். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கிற குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். மருந்தை நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும். மருத்துவருக்கு அது சிறிய பக்கவிளைவு. ஏற்கெனவே நிறத்தைச் சொல்லிக் கேலிசெய்கிற ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அது சிறியதா? அவள் அந்த ஒரு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவைக்கிறாள். கோப்பில் அவள் பெயருக்கு எதிரே 'டிஃபால்டர்' என்று விழுகிறது, கடன்கட்டாதவரைப் போல. நிறம் திரும்பிவிடும் என்ற ஒரு வாக்கியத்தை மருந்து தொடங்கிய அன்றே அவளிடம், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சைக்ளோசெரின் மனத்தைக் குலைக்கும். இரவில் குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது என்று பிள்ளை சொன்னால்தான் தெரியும். சொன்னால் மருந்தை மாற்றிவிடுவார்களோ, இன்னும் ஆறு மாதம் கூடிவிடுமோ என்று அது பயந்து வாய் திறப்பதில்லை.

எச்.ஐ.வி. பற்றி இரண்டு வார்த்தை. சயான் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. சிறப்பு மையம் இயங்குகிறது. தாயிடமிருந்து தொற்றோடு பிறந்து, மருந்தால் பிழைத்து, இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இந்நகரில் இருக்கிறார்கள். பெரிய சாதனை. ஆனால் "சளி மாத்திரை", "சத்து மாத்திரை" என்று சொல்லியே பத்து ஆண்டு ஓட்டிய வீடுகள் ஏராளம். பள்ளி வயதிலேயே படிப்படியாக உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வழிகாட்டியது. தள்ளிப்போட்ட வீடுகளில் பிள்ளை தன் நோயை மாத்திரைப் புட்டியின் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதற்குப் பிறகு அது யாரையும் நம்புவதில்லை.

பெயர் சொல்லிப் பேச வேண்டிய இருவர் உண்டு. பாட்னாவைச் சேர்ந்த ஸ்ரேயா திரிபாதி என்ற பெண்ணுக்குப் பதின்வயதில் மிகக் கடுமையான மருந்தெதிர்ப்புக் காசநோய். பெடாகுலின் என்ற புதிய மாத்திரை 2016-இல் இந்தியாவில் ஆறு மையங்களில் மட்டும், 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. ஸ்ரேயாவுக்கு 18. ஆனால் டெல்லி மையத்தில் அவர் டெல்லிவாசி அல்ல என்பது உள்ளிட்ட காரணங்களால் மருந்து மறுக்கப்பட்டது. அவருடைய தந்தை டெல்லி உயர் நீதிமன்றம் போனார்; மும்பை மாஹிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியா அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக நின்றார். இந்தியாவில் முழு மருந்தெதிர்ப்புக் காசநோய் இருப்பதை 2011 இறுதியில் உலகத்துக்கு அறிவித்தவர் அவர்தான். 2017 ஜனவரியில் மருந்து தர அரசு ஒப்புக்கொண்டது. நுரையீரல் அதற்குள் மிகவும் சிதைந்திருந்தது. 2018 அக்டோபரில் ஸ்ரேயா இறந்தார். 18 வயது வரை காத்திருந்தால் உரிமை வரும் என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோய் அதுவரை காத்திருப்பதில்லை.

இரண்டாமவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன். 2007-இல் கல்லூரிப் பருவத்தில் குடல் காசநோய், 2013-இல் மறுபடியும். இரண்டாம் முறை சிகிச்சையில் போட்ட ஊசிமருந்தால் காது கேளாமல் போனது. பரதநாட்டியம் ஆடுகிறவருக்கு, பத்திரிகையாளருக்கு. இப்படி ஆகலாம் என்று தனக்கு முன்கூட்டி எச்சரிக்கப்படவில்லை என்று அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். 2019 பிப்ரவரியில், அதே காரணத்தால் செவித்திறனை இழந்த தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயுடன் சேர்ந்து, பெடாகுலின் மீதான காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கேட்டதை எதிர்த்து மனுச் செய்தார். 2023 மார்ச் 23 அன்று இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. அதன் பிறகே மலிவு விலைத் தயாரிப்புகளுக்கு வழி திறந்தது. செவித்திறனைப் பறித்த ஊசிகளை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து விலக்கியிருந்தது. நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இவர் பெயரைச் சொல்வேன்.

எதிர்வாதத்துக்கு வருகிறேன். காசநோய் தொற்றுநோய். பையன் மருந்து வேண்டாம் என்றால் பத்துக்குப் பத்து அறையில் படுக்கிற ஆறு பேருக்கும் ஆபத்து. ஆகவே வேண்டாம் என்று மறுக்கிற உரிமையை நான் 14 வயதுக்குக் கேட்கவில்லை. உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கிற உரிமையையும் கேட்கவில்லை. இந்த இடத்தில் சில நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பக்குவம் இருந்தால் முழு உரிமையும் வேண்டும் என்பார்கள். கூலி போய்விடும் என்று தகப்பன் ஒரு நாள் விடுப்புக்குத் தயங்குகிற வீட்டில், முழு உரிமை என்பது முழுப் பாரத்தையும் பிள்ளை தலையில் ஏற்றுவதாக முடியும். "அவனே வேண்டாம்னுட்டான்" என்று நாம் கைகழுவிக்கொள்ள அது வசதியாகிவிடும்.

நான் கேட்பது வேறு. மருந்து எடுக்க வேண்டும் என்பது முடிவானபின், காலையிலா இரவிலா, பள்ளியில் எந்த ஆசிரியருக்குச் சொல்வது, எந்த உறவினருக்குச் சொல்லக்கூடாது, கூட யார் வர வேண்டும், பம்பா மாத்திரையா, பக்கவிளைவு வந்தால் முதலில் யாரிடம் சொல்வது. இவற்றில் பிள்ளையின் சொல்லே இறுதியாக இருக்கட்டும். சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதித்தது. அனுமதி இருந்தும், மேசைமேல் அதை எடுத்துவைக்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறவள் தேர்வு எழுதுகிற பெண்தான். அம்மா வாசலுக்கு வெளியே நிற்பார்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பையனுக்கு நோய் என்றால் "என்ன செய்யலாம்" என்று வீட்டில் பேச்சு வரும். பெண்ணுக்கு என்றால் முதல் பேச்சே "யாருக்கும் தெரியக் கூடாது." பக்கத்துத் தெரு மையத்தில் இலவச மருந்து இருக்க, அங்கே பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு ரயில் மாறிப்போய்க் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காசு தீர்ந்ததும் மருந்தும் நிற்கிறது. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும் என்ற தாயின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்துக்குக் கட்டணம் செலுத்துவது மகளின் நுரையீரல். மாதவிடாய், குழந்தைப்பேறு, இந்த மருந்தோடு ஒத்துவருமா என்பதெல்லாம் அவள் கேட்க நினைக்கிற கேள்விகள். அம்மா பக்கத்தில் இருக்கிறவரை கேட்கமாட்டாள்.

செய்வதற்கு வழி இல்லாமல் இல்லை. வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் 2014 ஜனவரியில் தொடங்கியது. மகாராஷ்டிராவில் அதன் ஆலோசனை மையங்களுக்கு 'மைத்ரி' என்று பெயர். சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு தாராவியில் வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்கிறது. மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும் பத்து நிமிடம் தனியாக. பெற்றோர் வெளியே. அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை சொன்னதைக் கேஸ் பேப்பரில் அதன் வார்த்தையிலேயே ஒரு வரி எழுத வேண்டும்.

நம் சங்கங்களைக் கேட்பது இன்னொன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். தமிழும் இந்தியும் மராத்தியும் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாரத்துக்கு ஒரு காலை, வெளிநோயாளர் பிரிவில் வந்து உட்காருங்கள். டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல். மொழிபெயர்க்கிற வேலை போய்விட்டால் அந்தப் பையன் நோயாளியாக உட்காரலாம், டாக்டரும் அவனிடம் அவனைப் பற்றிப் பேசியாக வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. தாராவியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே தாராவிக்கு மாட்டுங்காக்காரர்கள் வாருங்கள், தாராவிக்காரர்கள் வேறு மருத்துவமனைக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தெரிந்த மொழிகள், எந்தக் கிழமை வசதி என்று எழுதுங்கள். திங்கட்கிழமையில் கூட்டம் அதிகம் இருக்கும். அன்றைக்கு வர முடிந்தவர்கள் முதலில் எழுதுங்கள்.